மனக்கட்டுப்பாடா, ருசியா? நொறுக்குத் தீனியோடு மல்லுக்கட்டி அலுத்தவர்கள் வாருங்கள்

மாலைநடை:

ரொம்ப நாளாக எழுத நினைத்ததை இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பலவீனம் சிப்ஸ். இனிப்புப் பக்கம் அவ்வளவாகப் போகமாட்டேன். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால் கை தானாக அந்தப் பாக்கெட்டைத் தேடும். ஏழு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். திங்கள்கிழமை சபதம் எடுப்பேன், வியாழன் வரை வைராக்கியம் தாங்கும், வெள்ளிக்கிழமை ஒரு பாக்கெட் உள்ளே போகும், சனிக்கிழமை "சரி, அடுத்த வாரத்திலிருந்து" என்று இன்னொன்று. எடை குறையவில்லை என்பதைவிட, தினமும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததுதான் என்னை வதைத்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் கேள்வியை மாற்றினேன். சிப்ஸை எப்படித் தவிர்ப்பது என்று யோசிப்பதை விட்டுவிட்டு, ஆறு மணிக்கு நான் ஆசையோடு ஓடிவந்து சாப்பிடுகிற மாதிரி வேறு என்ன செய்துவைக்கலாம் என்று யோசித்தேன்.

முதலில் மாட்டியது முட்டைக்கோஸ். வாழ்நாள் முழுக்க நான் வெறுத்த காய். தண்ணீரில் போட்டுக் குழையக் குழைய வேகவைத்தே சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கந்தக நெடி, வேகவேக ஏறுகிற ஒன்று என்பது எனக்குத் தெரியாது. இந்த முறை தண்டோடு சேர்த்துத் தடித்த துண்டுகளாக நறுக்கினேன். கனமான இரும்பு வாணலி நன்றாகக் காய்ந்ததும் ஒரு சின்ன ஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளை அடுக்கி, கிளறாமல் விட்டேன். கை பரபரத்தது, இருந்தாலும் தொடவில்லை. அடிப்பக்கம் கரும்பழுப்பானதும் திருப்பிப் போட்டு, உப்பு, நசுக்கிய மிளகு, எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். ஓரம் மொறுமொறு, உள்ளே இனிப்பு. முட்டைக்கோஸ் இனிக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை!

திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. காய் பொன்னிறமாகி அந்த வறுத்த மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். வேகவைத்த காய் எத்தனை நேரம் அடுப்பில் இருந்தாலும் அந்த மணத்தைத் தராது. நான் இத்தனை வருடம் காயைக் குறை சொன்னேன், தவறு அடுப்பில் இருந்தது.

கணக்கும் பார்த்தேன். 300 கிராம் முட்டைக்கோஸ் சுமார் 75 கலோரி, 5 கிராம் எண்ணெய் 45. ஒரு பெரிய தட்டு நிறைய 120 கலோரி. 50 கிராம் சிப்ஸ் 270 பக்கம் வரும், அது என் கைக்கு நாலு பிடி.

இப்போது ஆறு மணிக்கு அந்தத் தட்டுதான் நினைவுக்கு வருகிறது. இது எனக்கு மட்டும் அமைந்ததா, உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

இரவுப்பணி:

படிக்க சந்தோஷமா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. நான் மருத்துவமனையில இராத்திரி டூட்டி பாக்குற நர்ஸ். விடியக்காலம் மூணு மணிக்கு உடம்பு கெஞ்சும்போது வாணலியும் இல்ல, முட்டைக்கோஸும் இல்ல. வராண்டா மூலையில காசு போட்டா பாக்கெட் விழுற மிஷின் மட்டும்தான் இருக்கு. அந்த நேரத்துல எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி பல்லைக் கடிச்சுக்கிட்டு அதைத் தாண்டி நடக்குறது. பாதி நாள் தாண்டிடுவேன். பாதி நாள் முடியாது. சமைக்க நேரம் இருக்கிறவங்களுக்கு ருசி ஒரு வழி. எங்களுக்கு?

பக்கம்புரட்டி:

இரவுப்பணி, பல்லைக் கடிப்பதைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. 1998-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடனிருந்தவர்களும் வெளியிட்டது. அறை முழுக்க அப்போதுதான் சுட்ட சாக்லேட் குக்கீ வாசனை. சிலரை குக்கீ சாப்பிடச் சொன்னார்கள். சிலரை, குக்கீயைத் தொடாமல் பக்கத்திலிருந்த முள்ளங்கியை மட்டும் சாப்பிடச் சொன்னார்கள். அதன்பின் எல்லோருக்கும் தீர்க்கவே முடியாத ஒரு புதிர். குக்கீ சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய 19 நிமிடம் முயன்றார்கள், முள்ளங்கிக்காரர்கள் 8 நிமிடத்தில் கைவிட்டார்கள். மனவலிமை ஒரு தொட்டித் தண்ணீர் மாதிரி, இறைத்தால் தீர்ந்துவிடும் என்ற கருத்து இதிலிருந்துதான் பரவியது.

ஆனால் 2016-இல் 23 ஆய்வுக்கூடங்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு, வேறொரு வேலையை வைத்து அதே கருத்தைச் சோதித்தபோது விளைவு ஏறக்குறைய பூஜ்யத்தில் நின்றது. ஆகவே "என் மனவலிமை தீர்ந்துபோச்சு" என்று யாரும் நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சோதனையில் உறுத்துவது வேறு விஷயம். முள்ளங்கியைத் தண்டனையாகவே கொடுத்திருக்கிறார்கள். வெறும் முள்ளங்கி, குக்கீ வாசனைக்கு நடுவில்! நாமும் நமக்கு அப்படித்தானே பரிமாறிக்கொள்கிறோம்?

இன்னொன்று. 2019-இல் கெவின் ஹால் குழு அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை ஒரு மாதம் உள்ளேயே தங்கவைத்தது. இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத சமைத்த உணவு. மேசையில் வைத்ததில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு எல்லாம் இரண்டிலும் ஈடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு நாட்களில் அவர்கள் தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை 0.9 கிலோ ஏறியது. சமைத்த உணவில் அதே 0.9 கிலோ இறங்கியது.

இதில் பலரும் கவனிக்காமல் விடுகிற வரி: எது ருசி என்று அவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்லவில்லை. ருசி அதிகம் என்பதற்காக அவர்கள் அந்த 500 கலோரியைச் சாப்பிடவில்லை. பாக்கெட் உணவு வேகமாக உள்ளே போனது; மென்மையாக இருந்ததால், வயிறு "போதும்" என்று சொல்வதற்குள் தட்டு காலியாகியிருக்கலாம். நொறுக்குத் தீனிதான் ருசி, நல்ல உணவு என்றால் தியாகம் என்று நாம் பேசிப்பேசி உறுதியாக்கிய கதைக்கு அந்த அறையில் ஆதாரம் கிடைக்கவில்லை. மாலைநடையின் முட்டைக்கோஸைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான்.

இரட்டைப்பதிவு:

ஓய்வுபெற்ற கணக்காளன் நான். எண்களை வைத்து இரண்டு வார்த்தை.

"ஆரோக்கியமான உணவு", "கலோரி குறைந்த உணவு" இரண்டையும் இந்த இழையில் ஒன்றாகவே பேசுகிறீர்கள். இரண்டும் வேறு. பாதாம் மிக நல்ல உணவு, ஆனால் 100 கிராம் 579 கலோரி. மில்க் சாக்லேட்டே 535 தான். கொழுப்பு எந்த எண்ணெயில் இருந்தாலும் கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. நல்லது என்ற தைரியத்தில் ஒரு கிண்ணம் பாதாமைக் கொறித்துவிட்டு எடை ஏன் குறையவில்லை என்று இரண்டு வருடம் குழம்பியவன் நான்.

கலோரி குறைவாக இருக்கவேண்டும், வயிறும் நிறைய வேண்டும் என்றால் பார்க்கவேண்டியது நீரும் நாரும். வெள்ளரி 100 கிராமுக்கு 15, தக்காளி 18, தர்பூசணி 30, ஆப்பிள் 52. பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் காட்டியது இதைத்தான். மனிதர்கள் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவு உணவைச் சாப்பிடுகிறார்கள். அந்த அளவுக்குள் கலோரி எவ்வளவு அடைந்திருக்கிறது என்பதுதான் மாறுகிறது.

மாலைநடை:

ஐயா, இந்தத் திருத்தம் தேவையானது, நன்றி. பாதாம் விஷயத்தில் நானும் அப்படியே ஏமாந்திருக்கிறேன். உருளைக்கிழங்கு பற்றி என்ன சொல்கிறீர்கள்? எல்லோரும் அதைக் கண்டால் ஓடச் சொல்கிறார்கள்.

இரட்டைப்பதிவு:

ஓடவேண்டாம். 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால், வேகவைத்த உருளைக்கிழங்கு 323. பட்டியலிலேயே முதலிடம். கடைசியில் குரோசான், 47. அதே கிழங்கை மெல்லியதாகச் சீவி எண்ணெயில் பொரித்து நீரை வெளியேற்றினால் 100 கிராம் 87 கலோரியாக இருந்தது 540 ஆகிவிடும். கிழங்கின் மேல் குற்றமில்லை.

நிழல்மரம்:

கொஞ்சம் தயங்கித்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இருபது வயதிலிருந்து உணவுக் கோளாறு இருந்தது. சிகிச்சை எடுத்து மீண்டு ஆறு வருடமாகிறது. மேலே வந்த எண்களை நான் வேகமாகத் தாண்டிப் போனேன். சிலருக்கு எண்கள் உதவும் என்று தெரியும். எனக்கு அவை பழைய கதவைத் திறந்துவிடும். இழையைப் படிக்கிறவர்களில் என்னைப் போல ஒருவர் இருந்தால், நீங்கள் எதையும் எண்ணத் தேவையில்லை, ருசி பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே கடினமாக இருந்தால் தனியாகச் சமாளிக்காமல் ஒரு மருத்துவரிடம் பேசுங்கள்.

"சபதம்", "பலவீனம்", "ஏமாந்தேன்" என்கிற சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் மில்க் ஷேக், பிறகு வேண்டிய அளவு ஐஸ்க்ரீம். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் ஷேக் குடித்தபின் ஐஸ்க்ரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களோ ஷேக் குடித்தபின் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அணை உடைந்துவிட்டது, இனி எவ்வளவு போனால் என்ன என்ற மனநிலை. மாலைநடையின் வெள்ளிக்கிழமைப் பாக்கெட்டும் சனிக்கிழமைப் பாக்கெட்டும் எனக்கு அப்படியே பரிச்சயம்.

நான் இப்போது தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு துண்டு கறுப்புச் சாக்லேட் சாப்பிடுகிறேன். தட்டில் வைத்து, உட்கார்ந்து, வேறெதுவும் செய்யாமல். முதல் துண்டு கரைய ஒரு நிமிடத்துக்கு மேலாகும். முன்பு முழுக் கட்டியைத் தின்றபோது எனக்கு அதன் ருசியே தெரிந்ததில்லை. நல்ல உணவை ரசிக்கக் கற்றுக்கொண்டதும் சாக்லேட்டை ரசிக்கக் கற்றுக்கொண்டதும் எனக்கு ஒரே பாடமாகத்தான் வந்தது.

இரவுப்பணி:

நிழல்மரம், உங்களை அணைச்சுக்கணும் போல இருக்கு. ஆனா எனக்கு அது வராதுங்க. வீட்டுல சாக்லேட் இருந்தா இருக்குன்னு மண்டைக்குள்ள மணி அடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால வாங்கவே மாட்டேன். கண்ணுல படாம இருந்தா நாள்கணக்கா நினைப்பே வராது. சில பேருக்கு ரெண்டு துண்டு, சில பேருக்கு வீட்டுலயே கூடாது. ரெண்டுமே சரின்னு நினைக்கிறேன்.

நிழல்மரம்:

நிச்சயமாக. எனக்குச் சரியானதை உங்கள் மேல் திணிக்கமாட்டேன்.

பக்கம்புரட்டி:

இரவுப்பணி சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. சுயகட்டுப்பாடு மிக்கவர்கள் என்று நாம் நினைப்பவர்களை 2012-இல் அன்றாட வாழ்க்கையில் பின்தொடர்ந்து கேட்டபோது, அவர்கள் ஆசையோடு போராடுவது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. போராட்டமே வராதபடி நாளை அமைத்துக்கொள்கிறார்கள் போலும். வாங்காமல் இருப்பதைப் பலவீனம் என்று சொல்லாதீர்கள்.

பிஞ்சுக்கை:

நாலு வயசுப் பொண்ணோட அப்பா. எங்க வீட்டுப் போராட்டம் வேற மாதிரி. காய்னாலே ஓடுவா. "ரெண்டு வாய் பட்டாணி சாப்பிட்டா ஐஸ்க்ரீம்"னு பேரம் பேசிப் பேசி ஒரு வருஷம் ஓட்டினோம். அது எவ்வளவு பெரிய தப்புன்னு அப்புறம்தான் உறைச்சுது. கூலி குடுத்தா, அது கூலி குடுத்துச் செய்யவேண்டிய கஷ்டமான வேலைன்னு குழந்தை முடிவு பண்ணிடுது. 1980-கள்லயே லியான் பிர்ச்ங்கிறவங்க குழந்தைகள்கிட்ட இதைச் சோதிச்சிருக்காங்க. பரிசு குடுத்துக் குடிக்கவெச்ச பானத்தைக் குழந்தைகளுக்கு அப்புறம் முன்னைவிடக் குறைவாத்தான் பிடிச்சிருந்துது.

இப்போ பேரம் கிடையாது. தட்டுல நாலே நாலு பட்டாணி இருக்கும், சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாட்டியும் சரி. புதுக் காய் ஒண்ணு பழக எட்டுலேர்ந்து பதினஞ்சு தடவை வரைக்கும் ஆகலாம்ங்கிறாங்க, நாங்க மூணு தடவையில விட்டுட்டு இருந்தோம். பதினோராவது தடவை அவளா எடுத்துப் போட்டுக்கிட்டா. நான் மூச்சு விடாம பாத்துக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் சொல்லல.

நான் சொல்ல வந்தது பெரியவங்களுக்கு. நாமளும் நமக்குப் பட்டாணி பேரம்தானே பேசிக்கிறோம்? "வாரம் முழுக்க சாலட், ஞாயித்துக்கிழமை பீட்சா." சாலட்டை நமக்கு எப்படிப் பிடிக்கும்?

மாலைநடை:

இந்தக் கடைசி வரியை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டப்போகிறேன்.

பக்கம்புரட்டி:

பெயரும் ஒரு பேரம்தான். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் ஒரே காயை, ஒரே மாதிரி சமைத்து, நாளுக்கு ஒரு பெயர்ப்பலகை வைத்தார்கள். சில நாள் வெறும் காயின் பெயர், சில நாள் "கொழுப்பு குறைந்தது" மாதிரி, சில நாள் நாக்கில் நீர் ஊறவைக்கிற வர்ணனை. வர்ணனை இருந்த நாட்களில், வெறும் பெயரைவிட 25 சதவீதம் கூடுதலான பேர் எடுத்தார்கள். "குறைந்தது" என்று அறிவித்த நாட்களோடு ஒப்பிட்டால் 41 சதவீதம்.

அந்தக் குழுவிலிருந்த அலியா க்ரம் 2011-இல் செய்தது இன்னும் வியப்பு. 380 கலோரி மில்க் ஷேக் ஒன்றை, ஒருமுறை 620 கலோரி விருந்து என்றும், இன்னொருமுறை 140 கலோரி டயட் பானம் என்றும் சொல்லிக் கொடுத்தார். விருந்து என்று நம்பிக் குடித்தபோது பசி ஹார்மோனான கிரெலின் செங்குத்தாக இறங்கியது. டயட் என்று நம்பியபோது ஏறக்குறைய அசையவில்லை. ஒரே ஷேக், ஒரே ஆட்கள்! "டயட் சாப்பாடு" என்று முனகிக்கொண்டே சாப்பிடுகிறவருக்கு உடம்பும் நிறைவைத் தர மறுக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இரட்டைப்பதிவு:

அந்த 2011 சோதனையில் 46 பேர்தான். அதன்மேல் பெரிய வீடு கட்டவேண்டாம்.

பக்கம்புரட்டி:

ஒப்புக்கொள்கிறேன். சின்ன எண்ணிக்கைதான், அதைச் சொல்லியிருக்கவேண்டும்.

மாலைநடை:

போலி உணவு பற்றி ஒரு வார்த்தை. காலிஃபிளவரில் பீட்சா, பூசணியில் நூடுல்ஸ், இனிப்பூட்டி போட்ட "குற்றவுணர்ச்சியில்லாத" கேக், எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். ஒவ்வொரு வாயிலும் நாக்கு அசலோடு ஒப்பிடுகிறது, ஒவ்வொரு வாயிலும் தோற்கிறது. பாவம் அந்தக் காலிஃபிளவர். அதை அதுவாகவே, பூப்பூவாக உடைத்து, சீரகமும் பூண்டும் போட்டு ஓரம் கருக வறுத்தால் அதற்கு இணை கிடையாது. வேறொன்றின் வேஷம் போட்டு அதை அவமானப்படுத்தவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மொறுமொறுப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிப்ஸில் நான் தேடியது முக்கால்வாசி அதுதான். 2004-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸம்பினியும் சிப்ஸ் கடிக்கிறவர்களின் காதில் ஹெட்ஃபோன் மாட்டி, கடிக்கிற சத்தத்தைக் கூட்டிக் குறைத்தார்கள். சத்தம் கூடியபோது அதே சிப்ஸ் புதிதாக, மொறுமொறுப்பாகத் தெரிந்தது. காதும் சாப்பிடுகிறது! அதிலிருந்து கேரட்டையும் வெள்ளரியையும் ஐஸ் தண்ணீரில் அரைமணி போட்டுவைத்து, துடைத்து, சாப்பிடுகிற நேரத்தில்தான் உப்பும் மிளகும் தூவுகிறேன். முன்னாலேயே உப்பு போட்டால் நீர்விட்டுத் துவண்டுவிடும். கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கிறது.

கசப்பு பிடிக்காதவர்களுக்கும் உப்புதான் மருந்து. துளி உப்பு கசப்பை அமுக்கி, அடியில் இருக்கிற இனிப்பை மேலே கொண்டுவரும்.

இரட்டைப்பதிவு:

உப்பை அளவோடு. எனக்கு ரத்த அழுத்தம், குறைக்கச் சொன்னார்கள். முதல் மாதம் எல்லாமே வைக்கோல். மூன்றாவது மாதம் பழைய சூப்பை ஒரு விருந்தில் குடித்தபோது கடல்தண்ணீர் மாதிரி இருந்தது. 1982-இல் வந்த ஓர் ஆய்விலும் இப்படித்தான், உப்பைக் குறைத்துச் சாப்பிட்டவர்களின் நாக்கு சில மாதங்களில் குறைந்த உப்பையே விரும்ப ஆரம்பித்தது. நாக்கு மாறும், ஆனால் முதல் சில வாரங்களில் மாறாது. அந்த இடத்தில்தான் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள்.

இரவுப்பணி:

மூணு வாரம் கழிச்சு வர்றேன். ஐயா சொன்ன 323 மனசுலயே இருந்துச்சு.

டூட்டிக்கு முன்னாடி தோலோட ரெண்டு உருளைக்கிழங்கு வேகவெச்சு, ஆறவெச்சு, பெரிய துண்டா வெட்டி டப்பாவுல எடுத்துட்டுப் போனேன். இன்னொரு சின்ன டப்பாவுல எலுமிச்சை, மிளகு, உப்பு, நறுக்கின வெங்காயம், கொஞ்சம் தயிர். மூணு மணிக்குக் கலந்தா ரெண்டு நிமிஷ வேலை. முதல் ராத்திரி சாப்பிட்டும் மிஷின் கிட்ட போனேன், மறைக்கல. ரெண்டாவது ராத்திரி எமர்ஜென்சி, எதுவுமே சாப்பிடல. மூணாவது ராத்திரி உட்கார்ந்து, நிழல்மரம் சொன்ன மாதிரி ஃபோனை உள்ள வெச்சுட்டுச் சாப்பிட்டேன். குளுகுளுன்னு, புளிப்பா, மிளகுக் காரத்தோட. வயிறு காலையில வரைக்கும் கேக்கவே இல்ல.

மிஷினைத் தாண்டிப் போனப்போ பல்லைக் கடிக்கல. தாண்டிப் போனதே அப்புறம்தான் தெரிஞ்சுது. இந்த மூணு வாரத்துல நாலு தடவை அதுல வாங்கியிருக்கேன், முன்னாடி ஒரு வாரத்துலயே அவ்வளவு ஆகும்.

இப்போ கூட வேலை பாக்குறவங்க ரெண்டு பேரும் கேக்குறாங்க, அதனால மொத்தமா வேகவெச்சு வெச்சுக்கலாம்னு இருக்கேன். ஃபிரிட்ஜுல எத்தனை நாள் தாங்கும்?

மாலைநடை:

மூடிவைத்தால் மூன்று நாள் தாராளமாக. தோலை உரிக்காமல் முழுசாகவே வைத்துக்கொள்ளுங்கள், அன்றன்று வெட்டுங்கள். தயிரை மட்டும் தனி டப்பாவில் குளிராகக் கொண்டுபோங்கள். முடிந்தால் வெங்காயத்தோடு ஒரு வெள்ளரியையும் பொடியாக நறுக்கிப் போட்டுப் பாருங்கள், கடிக்கும்போது சத்தம் வரட்டும்.